ஏழுமலையின் பெயரில் ஆடிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. உடன்குடி சுற்றுவட்டாரத்திலிருந்தும், சென்னையிலிருந்தும், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களுமாக இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அம்மாவும் மதினியும் உங்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்து வணங்குகிறார்கள். நான் பத்திரிகையில் வேலை பார்ப்பவள் என்பதால், இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தங்கையான என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

அண்ணனின் வாழ்க்கையை எழுதினால் அவருடைய மரணத்தையும் எழுத வேண்டும். அதைப் பற்றி நம் உறவுக்குள் ஒரு பேச்சு ஓராண்டாக இருக்கிறது. மண்ணூரைச் சேர்ந்த ஏழுமலை என்பவர் அண்ணனைத் தன் பெயரில் விளையாட வைத்தார். அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் பெயரை மாற்றிச் சொன்னார். நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தங்கைக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. இதுதான் அந்தப் பேச்சு. இதில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். அது பொய் என்று முதல் நாளிலிருந்தே நம்மில் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதைத் திருத்துவதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இதே வீட்டில், 1983-இல். அப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள்தான் ஊரில் இருப்பார். அந்த இரண்டு நாளும் மாலையில் பள்ளி மைதானத்தில் வாலிபால் பார்க்கப் போவார். அண்ணனும் கூடவே போவார். நம் பக்கத்தில் வாலிபால் ஆடாத பிள்ளைகள் குறைவு. ஆனால் அண்ணன் உயரம் குறைவானவர். எட்டாம் வகுப்பு வரை பந்து பொறுக்கிப் போடத்தான் விட்டார்கள். பிறகு லிஃப்டராக நிறுத்தினார்கள். வாலிபால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: லிஃப்டர் பந்தை அடிப்பதில்லை. அடிப்பவருக்கு வாகாக வலையோரம் உயர்த்திக் கொடுப்பார். அடித்தவருக்குக் கைதட்டுவார்கள். அண்ணன் பதினெட்டு வருடம் அந்த ஓர் இடத்தில்தான் ஆடினார். அடித்துப் பார்க்க ஆசையில்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். "எனக்கு அது எட்டாது. எட்டுதவனுக்கு எடுத்துக் குடுத்தா அது நான் அடிச்ச மாதிரிதான்" என்றார்.

அவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்த வருடம் அப்பா மாரடைப்பில் இறந்தார். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலம் திருச்செந்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு, 2006-இல் அண்ணன் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். முதலில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனி. 2009-இல் ஒரகடத்தில் லாரிகளுக்குச் சக்கர அச்சு செய்யும் கம்பெனி. இரண்டிலும் காண்ட்ராக்ட் வேலைதான். நிரந்தரம் செய்வதாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்னார்கள். அவர் கடைசி வரை காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்தார்.

படப்பையில் ஓர் அறையில் ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். மூன்று ஷிஃப்டுகளிலும் ஆள் இருந்ததால் அறை ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. ஒருவர் எழுந்த பாயில் அடுத்தவர் படுப்பார். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அறையைப் பார்த்துவிட்டு அழுதேன். "ஏட்டி, இதுக்குப் போயி அழுவியா? குளிர்காலத்துல பாய் சூடா கெடைக்கும். ஒனக்கு ஹாஸ்டல்ல உண்டா?" என்று அண்ணன் கேட்டார். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஒரகடத்தில் கம்பெனிகளுக்கென்று ஒதுக்கி, இன்னும் கட்டடம் எழும்பாத மனைகள் பல உண்டு. அப்படி ஒரு மனையில்தான் அவர்களுடைய வாலிபால் களம். சாலை போட வந்த ரோலர் ஓட்டுநரை டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்து தரையைச் சமன் செய்தார்கள். பழைய இரும்புக் குழாய்களை நட்டு வலை கட்டினார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்கள் தூங்கப் போகாமல் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத்தான் அறைக்குப் போவார்கள்.

ஆடாத நாளில் அண்ணன் ஆட்டம் பார்ப்பார். மண்ணூரில் கபடி, படப்பையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஆடும் கோ-கோ என்று எதுவானாலும் போய் உட்காருவார். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் பக்கம்தான் உட்காருவார். இரக்கம் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "ஜெயிக்கவன் பக்கம் கூட்டமா கெடக்கு. இங்கதான் கால நீட்ட எடம் இருக்கு" என்றார். 2011 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். பாகங்கள் ஏற்றிவரும் தள்ளுவண்டியில் யாரோ சாக்பீஸால் ஸ்கோரை எழுதி எழுதி அனுப்பினார்களாம். வண்டி திரும்பும் இடமெல்லாம் சத்தம் எழுந்ததாம். சூப்பர்வைசர் வண்டியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, துடைக்கும் முன் தானும் குனிந்து படித்தாராம். ஒரு பந்தைக்கூடப் பார்க்காத அந்த ஆட்டத்தைத்தான், தான் பார்த்ததிலேயே நல்ல ஆட்டம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் வரும். முதல் பாயிண்டிலிருந்து சொல்வார். "இருவதுக்கு இருவது. சர்வீஸ் அவன்ட்ட. நம்ம பய ஒருத்தன் பந்த விட்டுட்டு வானத்தப் பாக்கான்..." என்று போகும். நான் மாவட்டச் செய்திப் பக்கத்தில் உதவி ஆசிரியர். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறரைக்குள் பக்கத்தை முடித்து அனுப்ப வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் அவர் அழைப்பார். சில நாள் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தலைப்பு எழுதிக்கொண்டிருப்பேன். "கேக்கியா?" என்பார். "ம்" என்பேன். பல நாள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, "பேஜ் டைம்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. ஏழு மணிக்கு நான் அழைக்கும்போது மறுபடி முதல் பாயிண்டிலிருந்து தொடங்குவார்.

ஏழுமலை அதே கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி. மண்ணூர்க்காரர். இளவயதில் கபடி ஆடி முழங்கால் கெட்டவர். ஆட முடியாது, ஆனால் ஆட்டம் நடக்கும் இடத்தில் அவர் இல்லாமல் இருக்கமாட்டார். தொழிற்சாலைகளுக்கு இடையே ஆண்டுதோறும் வாலிபால் போட்டி நடக்கும். நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டுமே ஆடலாம், அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பது விதி. நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் காண்ட்ராக்ட். அதனால் எல்லா அணிகளிலும் ஒருவர் அட்டையில் இன்னொருவர் ஆடுவது வழக்கமாக இருந்தது. நடுவர்களுக்கும் தெரியும். 2011-இல் ஏழுமலை அண்ணனிடம் பேசியதை அண்ணனே நடித்துக் காட்டியிருக்கிறார்.

"யோவ் தூத்துக்குடி, என் பேர்ல ஆடுறியா? எனக்குத்தான் முட்டி பூட்ச்சி. பேராவது ஆடட்டுமே."

"மாட்டுனா ஒனக்கு வேல போயிரும்ல."

"எவன்யா கண்டுபுடிக்கிறது? நம்ப எச்.ஆர். காரனுக்கு பந்து ரவுண்டா கீதா சதுரமா கீதான்னே தெரியாது."

அதன்பின் மூன்று ஆண்டுகள், போட்டிக் களத்தில் எங்கள் அண்ணனின் பெயர் ஏழுமலை. உள்ளே போனதும் அணியில் யாரும் உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அது அவர்களுக்குள் கட்டுப்பாடு.

2013-இல் ஒருமுறை நான் போய்ப் பார்த்தேன். ஏழுமலைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். மைக்கில் ஒருவர் வர்ணனை செய்துகொண்டிருந்தார். "ஏழுமலை! அருமையான லிஃப்ட்! கைதட்டுங்க!" என்றதும் என் பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்று நாலா பக்கமும் கும்பிட்டார். விவரம் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். களத்துக்குள்ளிருந்து அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, உக்காருல. மாட்டி விட்ருவ போல" என்றார். ஏழுமலை உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பேரச் சொல்றாங்களே, உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா?" என்று கேட்டேன்.

"என் பேரு இவ்ளோ நல்லா ஆடும்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

அந்த வருடம் சிறந்த லிஃப்டர் சான்றிதழ் ஏழுமலை பெயரில் வந்தது. அவருடைய மாமனார் அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் மருமகனின் பெருமை பேசினார். நொண்டிக்கொண்டே மருமகன் அதற்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. அண்ணனுக்கு அதில் சிரிப்பு இருந்தது. வருத்தமும் இருந்தது என்பதை மதினி பிற்பாடு என்னிடம் சொன்னார். திருமணமாகி வந்த புதிதில், "ஒரு தடவையாவது எம் பேர மைக்ல சொல்லிக் கேக்கணும்" என்று அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நேரங்களை நான் பலரிடம் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

அரையிறுதி ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. ஆளுக்கு ஒரு செட் வென்றார்கள். பதினைந்து பாயிண்டுக்கான மூன்றாவது செட்டில் ஒன்பதுக்குப் பத்து என்று பின்தங்கியிருந்தபோது, எல்லைக்கு வெளியே போன பந்தை எடுக்க அண்ணன் வலையோரமாகப் பின்னோக்கி ஓடினார். எடுத்துவிட்டார். விழும்போது நடுவர் நிற்கும் இரும்பு மேடையின் காலில் பின்தலை மோதியது. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றார். இன்னும் இரண்டு பாயிண்ட் ஆடினார். பதினொன்றுக்குப் பதினொன்று ஆனபோது வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் அத்தோடு நின்றது.

ஷேர் ஆட்டோவில் ஏழுமலையும் இன்னும் இருவரும் அவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து ஆகப் பத்து நிமிடம். வரவேற்பில் நோயாளியின் பெயர் கேட்டார்கள். ஏழுமலை, "ஏழுமலை" என்றார். கூட வந்தவர் பெயர் கேட்டார்கள். அண்ணனின் பெயரைச் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு நான் கேட்டதற்கு, "அந்த ஜெர்ஸியோட அவரப் பாத்தா எனக்கு வேற பேரு வாய்ல வராதும்மா" என்றார். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. மூன்று வருடப் பழக்கம்.

அடையாள அட்டையிலிருந்த எண்ணுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனது. அது ஏழுமலையின் வீடு. உங்கள் கணவருக்குத் தலையில் அடி என்று கேட்டதும் அவர் மனைவி செல்வி, தலைவிரி கோலமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் புருஷன் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, இரண்டு கையாலும் அவர் முதுகில் அடித்தார். பிறகுதான் உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று கேட்டார்.

பெயர் மாறியதால்தான் வைத்தியம் தவறிவிட்டது என்று நம்மில் சிலர் நம்புகிறார்கள். நான் சிகிச்சை அளித்த மருத்துவரை மூன்று முறை சந்தித்தேன். ரத்த வகையை அவர்கள் அட்டையைப் பார்த்து எழுதவில்லை, புதிதாகப் பரிசோதித்தார்கள். ஸ்கேனும் உடனே எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்துகொண்டிருந்தது. இப்படி அடிபட்டவர்கள் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார்கள், பிறகு திடீரென்று நினைவு தப்பும் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே நிலைமை மோசமானது. எந்தப் பெயரில் சேர்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

அண்ணனுக்கு அந்தத் தெளிவு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருந்தது.

ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு என் போன் அடித்தது. அண்ணனின் எண். நான் திருத்திக்கொண்டிருந்தது ஒரு பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டி பற்றிய செய்தி. ஸ்கோர் சொல்லத்தான் என்று நினைத்துத் துண்டித்தேன். ஐந்து இருபத்திரண்டுக்கு மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன். "பேஜ் டைம்" என்று செய்தி அனுப்பினேன். இரண்டு முறையும் அண்ணனின் போனிலிருந்து அழைத்தவர் ஏழுமலை.

ஆறு முப்பத்தைந்துக்குப் பக்கம் முடிந்தது. நான் அழைத்தேன். எடுத்தவர் ஏழுமலை. நர்ஸிடம் போனைக் கொடுத்துவிட்டார். நான் பூந்தமல்லியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அண்ணனின் உயிர் பிரிந்தது. அவருக்கு முப்பத்தொரு வயது. மகளுக்கு ஒன்றரை.

பதினாறாம் நாளன்று ஏழுமலை இங்கே வந்தார். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, காலையில் பந்தலோரம் நின்றார். அன்று இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்தார்.

"ஒரு போன் போட்டிருக்கப்படாதால? ஒரே ஒரு போன். தங்கச்சிக்காரி பக்கத்துல மெட்ராஸ்லதான இருந்தா? கடைசியா மொகத்தப் பாத்திருப்பாள்ல?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் குழந்தை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"தப்புதாங்க. போட்டிருக்கணும்" என்றார் அவர்.

சித்தப்பா வெளியே போகச் சொன்னார். ஏழுமலை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். சித்தப்பாவை நான் குறை சொல்லவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் பேசினார். தெரிந்த நான் பேசவில்லை.

சென்ற மாதம் இந்த மலருக்காக எழுத உட்கார்ந்தேன். "உடனிருந்தவர்கள் வீட்டுக்குத் தகவல் தெரிவிக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதினேன். வேறு யாராவது இதை எழுதி என் மேஜைக்கு அனுப்பியிருந்தால், யார் சொன்னது, சரிபார்த்தீர்களா என்று கேட்டிருப்பேன். அடித்துவிட்டேன். அன்றே கிளம்பி ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இரண்டு அழைப்பையும், பஞ்சாயத்துத் தொட்டியையும், ஏழுமலை என்னைப் பார்த்ததையும் சொன்னேன்.

அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"அப்பம் எம் பிள்ள ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்திருக்கான்" என்றார். "என்ன பேசுனான்னு அந்தப் பையனுக்குத் தெரியும். என்னட்டி நீ... ஒரு வருசமா அவன வரவிடாம வச்சிருக்கியே."

ஓர் ஆளைப் பழிக்கு விட்டேன் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவும் நானும் மண்ணூர் போனோம். ஏழுமலை வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பம்பைக் கீழே போட்டுவிட்டு நின்றார். செல்வி நாற்காலி கொண்டுவந்தார். அம்மா உட்காரவில்லை. ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எம் பிள்ள கடைசியா ஒங்கிட்ட என்ன பேசுனான்? ஒண்ணு விடாம சொல்லுய்யா."

ஏழுமலை செல்வியைக் காபி போடச் சொன்னார். பிறகு சொன்னார். தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அழைப்பை எடுக்காதபோது அண்ணன், "அவ இப்பம் எடுக்க மாட்டா. பேஜ் டைம். தொந்தரவு பண்ணாத" என்றாராம். என்ன பேசுவது என்று ஏழுமலைக்குத் தெரியவில்லை. "தங்கச்சிக்கு சொல்லுவியே, அத எனக்கு சொல்லுப்பா. முதல் பாயிண்ட்லேர்ந்து சொல்லு" என்றிருக்கிறார். "நீதான் பாத்துட்டு இருந்தியேல" என்று அண்ணன் சொல்ல, "நான் எங்க பாத்தேன்? டீ குடிக்கப் பூட்டேன்" என்றாராம்.

அண்ணன் சொல்லத் தொடங்கியிருக்கிறார். மூன்று செட். ஒவ்வொரு பாயிண்டும். எனக்குச் சொல்லவிருந்ததை.

ஏழுமலை அதை அம்மாவுக்குத் திரும்பச் சொன்னார். ஓராண்டு கழித்து, ஒரு பாயிண்ட் விடாமல். சர்வீஸ் யார் போட்டார், பந்து எங்கே விழுந்தது, அதற்கு அண்ணன் என்ன கேலி செய்தார் என்று எல்லாம் சொன்னார். அம்மாவுக்கு வாலிபால் தெரியாது. எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் ஏழுமலை இடையில் நிறுத்தும்போதெல்லாம், "பொறவு?" என்று கேட்டார். செல்வி கொண்டுவந்த காபி ஆறிப்போயிற்று. மணி பன்னிரண்டுக்குத் தொடங்கிய பேச்சு மூன்றாவது செட்டுக்கு வந்தபோது ஒன்றரை.

"பதினொன்னுக்குப் பதினொன்னுன்னு சொல்லிட்டு நிறுத்திட்டாரும்மா. அதுக்கப்புறம் எனக்குத் தெரியலயேன்னாரு. என்னாச்சுன்னு என்னக் கேட்டாரு."

"நீ என்னய்யா சொன்ன?"

"ஆட்டத்த நிறுத்திட்டாங்கன்னு சொல்ல மனசு வர்லம்மா. பதினஞ்சு பதிமூணு, நம்பதான் ஜெயிச்சோம்னேன். யாரு லிஃப்ட் பண்ணான்னாரு. ஏழுமலைதான், வேற யாரு பண்ணுவான்னேன். சிரிச்சாரு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கண்ண மூடிக்கவான்னு கேட்டாரு. வேணாம்ப்பா, வேணாம்ப்பான்னு கன்னத்துல தட்டினேம்மா. அதுக்கப்புறம் முழிக்கல."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஓராண்டாகப் பார்க்காத விதத்தில், வாய்விட்டு அழுதார். ஏழுமலையும் அழுதார். நான் செல்வியோடு வெளியே போய் நின்றேன்.

அங்கே செல்வி சொல்லித்தான் மிச்சமும் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே ஏழுமலை கம்பெனிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் போய், களத்தில் ஆடியது யார், ஆஸ்பத்திரியில் பெயரை மாற்றிச் சொன்னது யார் என்று தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதினால் வேலைக்கு ஆபத்து என்று எல்லோரும் தடுத்தார்களாம். "சாவுலயாவது அவன் பேரு வரட்டும்" என்றாராம். இரண்டு மாதம் அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இறப்புச் சான்றிதழில் அண்ணனின் பெயர் சரியாக இருப்பது அந்தக் கடிதத்தால். அதை வாங்கி வந்து பெட்டியில் வைத்த நாங்கள், அது எப்படிச் சரியாக வந்தது என்று யோசிக்கவே இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அந்த ஒரு மணி நேரமும் அண்ணனின் பக்கத்திலிருந்து நகராத, பெயர் தெரியாத நர்ஸ் அம்மாவுக்கு. ஆட்டத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, ரத்தம் தேவையா என்று வரிசையில் நின்ற எதிரணியினருக்கு. விடுப்புக் கேட்டுக் கிடைக்காமல், ஷிஃப்டை மாற்றிக்கொண்டு உடலோடு ஊர் வரை வந்த படப்பை அறை நண்பர்கள் எட்டுப் பேருக்கு. இழவு வீட்டில் பதினாறு நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டினருக்கு. மலர்ப் பிரதியைப் படித்துப் பார்த்து, "அன்னைக்கு நான் அவன் சட்டையப் புடிச்சதையும் எழுது, விட்டுறாத" என்று சொன்ன சித்தப்பாவுக்கு.

கடைசியாக ஏழுமலை. அவருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதை அம்மா சொல்லிவிட்டார். நான் கேட்பது மன்னிப்பு; அவரிடமும், ஒரு பொய்யை ஓராண்டு நம்ப விட்டதற்காக உங்களிடமும்.

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். போன் விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார். "ஆட்டத்த மட்டும் போடுங்கம்மா, போதும்" என்றார். நான் எடுக்கவில்லை.

அவரை இன்று அம்மா அழைத்திருக்கிறார். உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியாது. வாசலில் கொஞ்சம் நொண்டியபடி நின்று, இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவர்தான் ஏழுமலை.